சவர்த்தண்ணீரைக் காட்டிப் பெண்களைத் திட்டாதீர்கள்

யாழ்ப்பாணத் தீவகப் பெண்கள் தலைக்கு டை அடிப்பதைக் கண்டித்து ஊர் மலர் ஒன்றில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அதை எழுதியவர் சொல்வது இவ்வளவுதான்: எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். அதில் டை நிற்காது. ஆகவே டைக்குக் கொடுக்கிற காசு கடலில் கொட்டிய காசு. அம்மம்மாமார் போல மருதோன்றிக்குத் திரும்புங்கள்; பத்து நிமிடத்தில் கறுக்கிற இயற்கை மருதோன்றிப் பொடி கடையில் இருக்கிறது.

தண்ணீர் சவர் என்பது உண்மை. மற்றதெல்லாம் பிழை. கடைசியாகச் சொன்னது பிழை மட்டுமல்ல, ஆபத்து.

மருதோன்றி இலையில் உள்ள சாயத்தின் பெயர் லோசோன். அது நரையைச் செம்மண் நிறமாக்கும். அதற்கும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று கறுக்கவைக்கிற பொடியில் பெரும்பாலும் வேலை செய்வது பாரா பெனிலீன் டையமீன், சுருக்கமாக பிபிடி. பெட்டி டை பலவற்றிலும் இதுதான் இருக்கிறது. ஆனால் ஒழுங்கான பெட்டியில் பெயர் அச்சிட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும்போது 2 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. 'இயற்கை' என்று மட்டும் எழுதிய பொடியில் எவ்வளவு இருக்கிறதென்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

நயினாதீவில் என் மாமி அப்படி ஒரு பொடியைப் பூசினார். பின்னேரம் காதோரம் கடித்தது. இரவு நெற்றி தடித்து, விடியப்புறம் இரண்டு கண்ணும் மூடிப்போயின. "மருதோன்றிதானே பிள்ளை எண்டு நம்பிப் பூசினன்" என்று அழுதார். படகு வரும்வரை ஈரத்துவாயை முகத்தில் போட்டபடி இறங்குதுறையில் இருந்தோம். குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மருந்து. பிபிடிக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் நிற்கும். இனி அவர் பிபிடி உள்ள எந்த டையையும் தொட முடியாது. எந்த டையாக இருந்தாலும் பூச 48 மணித்தியாலத்துக்கு முன்பு முழங்கை மடிப்பில் துளி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் பொடியைச் சிபாரிசு செய்யக் கட்டுரையாளருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இனித் தண்ணீர். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மோட்டரால் உறிஞ்சி மேலே ஓரடியைக் குறைத்தால், கீழே உப்பு அவ்வளவு உயரம் ஏறப் பார்க்கும். சவரோடு சுண்ணாம்புக்கல்லின் கல்சியமும் சேர்கிறது. சவுக்காரம் போட்டால் நுரைக்காது. வெள்ளைப் பிசுக்காகத் தலையில் ஒட்டும். டை அடித்த முடியின் செதில்களை டையிலுள்ள அமோனியா ஏற்கெனவே தூக்கிவிட்டிருக்கிறது. பெரொட்சைட்டு அதன் மேல் எண்ணெய்ப் படலத்தைத் தின்றுவிட்டது. அந்த முடி தண்ணீரையும் கல்சியத்தையும் குடிக்கும், நிறத்தைக் கக்கும். முழுகியபின் துவாயில் தெரிகிற மண்ணிறம் அதுதான்.

இது தெரிந்தால் பராமரிப்பும் தெரியும். அதற்குக் கொழும்பு சலூன் வேண்டாம். டை அடித்து இரண்டு நாளைக்குத் தலை முழுகாதீர்கள். முழுக முன் தேங்காயெண்ணெய் பூசி ஊறவிடுங்கள். முடியின் புரதம் கழுவுப்பட்டுப் போவதை அது குறைக்கிறதென்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அதைச் செய்யவில்லையென்றும் ரேலே, மொஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். தலைக்குச் சவுக்காரம் வேண்டாம். மென்மையான சம்பூ போதும். மோட்டரை விட்டுவிட்டு, விடிய மேல்தண்ணீரை வாளியால் அள்ளுங்கள். முடிவில் ஒரு லீற்றர் மழைத்தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டு அலசி, வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். புளி தோலில் இருக்க வெயிலில் போனால் தோல் வெந்துவிடும், கவனம். பவுசரில் வருகிற குடிதண்ணீரை இதற்குத் தொடவே தேவையில்லை. மாரியில் பிடித்து மூடிவைத்த மழைத்தண்ணீர் இரண்டு செம்பு போதும். கிழமைக்கு இரண்டு முழுக்குக்கு மேல் வேண்டாம். நிறமும் நிற்கும், கிணறும் பிழைக்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில் படகில் போகிறவர்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். வெயிலும் உப்புத் தூவலும் சேர்ந்துதான் கறுப்பைச் செம்பட்டையாக்குகின்றன.

'அழகுக்கு ஆசைப்பட்டு' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மீசைக்கு டை அடிக்கிற ஆண்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரம் கடலில் போய்ப் படிப்பித்துத் திரும்புகிற ஆசிரியை தன் நரையைக் கறுப்பாக்கினால், அது அவளுடைய தலை, அவளுடைய உழைப்பு. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்த மலரில் அந்தப் பொடி பற்றிய வரியை அவர் திருத்தி எழுத வேண்டும். அதுவரை, உள்ளே என்ன இருக்கிறதென்று அச்சிடாத எந்தப் பொதியையும் தலையில் வைக்காதீர்கள்.