உப்பு விளையுற ஊர்ல தைராய்டா?



முதல் பீரியட்லயே கண்ணு சொக்குதா? எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கா? ஊரே வேர்த்து ஊத்தும்போது உங்களுக்கு மட்டும் குளிருது, ஃபேனை நிறுத்தச் சொல்லி ஹாஸ்டல் ரூம்ல தினம் சண்டையா? உடனே 'எனக்கு தைராய்டு'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. பல பேருக்கு இது நடுராத்திரி வரைக்கும் செல்போன் நோண்டுறதால வர்ற வினை. ஆனா சில பேருக்கு நிஜமாவே தைராய்டுதான். அப்படி ஒரு தங்கச்சியைப் பத்தித்தான் இந்த வாரம்.

கொற்கைக்குப் போயிருந்தேன். பாண்டியர்களோட முத்துத் துறைமுகம்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்களே, அதே ஊர்தான். 'துறைமுகம் எங்க?'ன்னு தேடினா வாழைத் தோட்டமும் குளமும்தான் இருக்கு. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. திரும்பி வரும்போது ஏரல் பஸ்ல பக்கத்து சீட்ல உட்கார்ந்தவதான் இந்தப் பொண்ணு. பாளையங்கோட்டையில பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம். உட்கார்ந்த ரெண்டாவது நிமிஷம் என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டா. முழிச்சதும், "ஸாரிக்கா, எனக்கு தைராய்டு"ன்னா. "மாத்திரை சாப்பிடுறியா?"ன்னு கேட்டேன். "நிறுத்திட்டேங்க்கா. நார்மல் ஆயிட்டுல்லா!"

கதை இதுதான். ப்ளஸ் டூ முடிச்ச லீவுல டெஸ்ட் எடுத்தப்போ டி.எஸ்.ஹெச். 38. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூணு நாலு மாசத்துல முடி கொட்டுறது குறைஞ்சது, பீரியட்ஸ் சீராச்சு, ரிப்போர்ட்டும் நார்மல். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த அத்தை மாத்திரை டப்பாவைப் பார்த்துட்டாங்க. "கல்யாணம் ஆகப் போற புள்ள. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க இதப் பாத்தா என்ன நெனப்பாங்க? அதான் சரியாயிட்டுல்லா, தூரப் போடுட்டி." ஆச்சி தன் பங்குக்கு, "கடல் மீனும் தூத்துக்குடி உப்பும் திங்கிற ஊர்ல இந்த நோக்காடு எப்படிட்டி வரும்?"னு கேட்டாங்களாம். டப்பா பரண்ல ஏறிடுச்சு. அதுக்குப் பதிலா காலையில கொத்தமல்லித் தண்ணி, முட்டைக்கோஸுக்குத் தடா. ஆறு மாசம் ஆச்சு. ரெண்டு பேப்பர் அரியர். வீட்ல வெச்ச புதுப் பேரு, சோம்பேறி.

அத்தையை அப்புறம் கவனிப்போம். முதல்ல ஆச்சி கேட்ட கேள்வி. அது நல்ல கேள்விங்க.

நம்ம கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற தைராய்டு சுரப்பிக்கு, ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேணும். கடல்ல அயோடின் உண்டு, மீன்லயும் உண்டு. ஆனா அந்தக் கடல் தண்ணியைப் பாத்தி கட்டிக் காய வெச்சு எடுக்கிற கல் உப்புல சொல்லிக்கிற அளவுக்கு அயோடின் தங்குறதில்ல. அதனாலதான் தனியாச் சேர்க்கிறாங்க. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கக் கூடாதுங்கிற மத்திய அரசுத் தடை 2006 மே மாசம் மறுபடி அமலுக்கு வந்தது. கடையில விக்கிற உப்பு ஒரு கிலோவுல குறைஞ்சது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான், பத்து கிராம் உப்புல வந்துடும். ஒரு வேடிக்கை கேளுங்க. 2018-19ல நடந்த இந்திய அயோடின் ஆய்வுல, சரியான அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்துற வீடுகள் எந்த மாநிலத்துல ரொம்பக் கம்மின்னு பார்த்தா... நம்ம தமிழ்நாடு! சுமார் 62 சதவீத வீடுகள்தான். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டுக்கே உப்பு விளைவிச்சுத் தர்ற மாநிலம் நாம.

'அப்போ அயோடின் உப்பை அள்ளிப் போட்டா சரியாயிடுமா?'ன்னா, அதுவும் இல்ல. இந்த வயசுல வர்ற தைராய்டு குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் உப்பு இல்ல. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம சொந்த தைராய்டைத் தாக்குறதுதான் காரணம். 1912ல இதை முதல்ல விவரிச்ச ஜப்பான் டாக்டர் ஹாஷிமோட்டோ பேர்லயே இந்த நோயைக் கூப்பிடுறாங்க. இதுல அயோடினை அளவுக்கு மீறி ஏத்தினா நிலைமை மோசமாகவும் செய்யும். கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்துன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். அதுக்காகப் பசங்க 'நமக்கு இல்லப்பா'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. சென்னை உட்பட எட்டு நகரங்கள்ல நடத்தி 2013ல வெளியான ஆய்வுல, பரிசோதிச்ச 5,360 பேர்ல கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்துச்சு. அதுல மூணுல ஒரு பங்குப் பேருக்கு, தனக்கு இருக்குங்கிறதே அதுவரைக்கும் தெரியாது.

சரி, அந்த டி.எஸ்.ஹெச். என்ன கணக்கு? ரிப்போர்ட்ல நம்பர் கூடினா சுரப்பு கூடுதல்னு நினைக்கிறவங்க நிறைய. நேர் எதிர்! பஸ்ஸையே எடுத்துக்குவோம். தைராய்டுதான் டிரைவர். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி கண்டக்டர். அவர் ஊதுற விசில்தான் டி.எஸ்.ஹெச். டிரைவர் ஒழுங்கா ஓட்டினா ஒரு விசில் போதும். டிரைவர் தூங்கிட்டா கண்டக்டர் என்ன செய்வார்? ஊதுவார், ஊதிக்கிட்டே இருப்பார். பெரும்பாலான லேப்ல நாலு, நாலரை வரைக்கும் நார்மல்னு போடுவாங்க. 38ன்னா கண்டக்டர் தொண்டை கிழிய ஊதுறார்னு அர்த்தம்.

மாத்திரைங்கிறது மாற்று டிரைவர். தைராய்டு சுரக்கிற அதே தைராக்சின் ஹார்மோனைத்தான் மாத்திரையா செஞ்சு தர்றாங்க. மாற்று டிரைவர் ஏறினதும் வண்டி ஓடுது, விசில் அடங்குது, ரிப்போர்ட் நார்மல். இதைப் பார்த்து 'பழைய டிரைவர் முழிச்சுட்டார்'னு மாத்து ஆளை இறக்கி விட்டா வண்டி நிக்காம என்ன பண்ணும்? நம்ம தங்கச்சி செஞ்சது இதைத்தான். அதுல ஒரு சூட்சுமமும் இருக்கு. உடம்புல இருக்கிற தைராக்சின் பாதியாக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால மாத்திரையை நிறுத்தின மறுநாளே எதுவும் தெரியாது. 'பாத்தியா, மாத்திரை இல்லாமயே நல்லா இருக்கேன்'னு தோணும். சோர்வு மெள்ள மெள்ளத்தான் வந்து சேரும். அதுக்குள்ள மாத்திரையை நிறுத்தினதே மறந்துபோயிருக்கும்.

இதே காரணத்தாலதான் டோஸை மாத்தினா அடுத்த டெஸ்ட்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுங்கன்னு டாக்டர்கள் சொல்றாங்க. பத்து நாள்ல போய் ரத்தம் கொடுக்கிறது காசுக்குக் கேடு. இன்னொண்ணு... முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை வாங்கி முழுங்குறீங்கல்ல? சில லேப் மெஷின்களை அது ஏமாத்திடும், தப்பான நம்பர் வரும். டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அதை நிறுத்துங்க. ஒரே ஒரு தடவை லேசாக் கூடியிருந்தா பதறவும் வேண்டாம். பத்துக்குக் கீழே இருந்தா சில மாசம் கழிச்சு மறுபடி பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு டாக்டர் சொல்லலாம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுறதில்ல, சிலருக்குப் பின்னாடி நிறுத்தவும் முடியும். ஆனா அதை டாக்டர் சொல்லணும், அத்தை சொல்லக் கூடாது.

மாத்திரை இல்லாத காலத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? 1891ல இங்கிலாந்துல ஜார்ஜ் முர்ரேன்னு ஒரு டாக்டர், ஆட்டோட தைராய்டுச் சாறை ஊசி வழியா ஒரு நோயாளி அம்மாவுக்கு ஏத்தினார். 46 வயசுல முகம் வீங்கி, பேச்சு குழறி முடங்கிக் கிடந்தவங்க எழுந்து நடமாடி, 28 வருஷம் வாழ்ந்தாங்க. அத்தனை வருஷத்துல அவங்களுக்காக 870 ஆட்டுக்கு மேல தேவைப்பட்டுச்சாம். இன்னிக்கு கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை ஒண்ணு. அதைப் போய்ப் பரண்ல ஏத்தி வெச்சா எப்படி!

ஆனா இந்த மாத்திரைக்கு ஒரு ராஜ மரியாதை உண்டு. வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட மட்டும்தான் போகணும். அரை மணி நேரமாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டிபன். காபிக்கும் இதே விதிதான். கருப்பட்டிக் காபியா இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது! காபி குடிச்சா இந்த மருந்து குடல்ல சரியா ஏறுறதில்லன்னு இத்தாலியில ஆராய்ந்து 2008லயே எழுதிட்டாங்க. சத்து மாத்திரைங்கதான் அடுத்த வில்லன். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, எலும்புக்கு கால்சியம் மாத்திரைன்னு மூணையும் ஒரே கையில கொட்டி ஒரே மடக்குல முழுங்குற ஆளுங்களைப் பார்த்திருக்கேன். இரும்பும் கால்சியமும் தைராக்சினைப் பிடிச்சு வெச்சுக்கும். நாலு மணி நேர இடைவெளி கட்டாயம். வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்துக்கும் அப்படித்தான்.

"அக்கா, ஆறரைக்கு பஸ். நான் எப்ப மாத்திரை போட, எப்ப சாப்பிட?"ன்னு அவ கேட்டா. நியாயம்தானே? தலைமாட்டுல ஒரு செம்புத் தண்ணியும் டப்பாவும் இருக்கட்டும், அஞ்சு மணிக்குக் கண்ணு முழிச்ச கையோட போட்டுட்டுப் பல்லு விளக்கப் போன்னேன். அதுவும் ஒத்துவரலைன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுக்கப் போகும்போது போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நெதர்லாந்துல 90 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, ராத்திரி மாத்திரையும் நல்லாவே வேலை செய்யுதுன்னு 2010ல சொல்லியிருக்காங்க. ஒரு நாள் மறந்துட்டா உலகம் இடிஞ்சுடாது, நினைவு வந்ததும் போட்டுக்கலாம். டப்பாவை அடுப்பு மேல் பலகையிலயோ வெயில் அடிக்கிற ஜன்னல்லயோ வைக்காதீங்க. சூடும் ஈரமும் மருந்தைக் கெடுத்துடும்.

ஒல்லியாகணும்னு ஃப்ரெண்டோட மாத்திரையை வாங்கிப் போடுற விஷப் பரீட்சையும் சில ஹாஸ்டல்ல நடக்குது. வேணவே வேணாம். தேவையில்லாத உடம்புக்குள்ள போனா நெஞ்சு படபடக்கும், நாளாக நாளாக எலும்பும் தேயும். தைராய்டு குறைபாட்டால ஏறுற எடையே பொதுவா சில கிலோதான். அதுலயும் பெரும்பங்கு உடம்புல தங்குற தண்ணியும் உப்பும். பாக்கிக்கு அல்வாவைத்தான் கேட்கணும்!

சாப்பாடுன்னதும் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், மரவள்ளிக்கிழங்கு, கம்புன்னு ஒரு தடைப் பட்டியலோட வந்துடுறாங்க. இதுல எல்லாம் தைராய்டு வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்துற பொருள் இருக்குறது உண்மைதான். ஆனா அது சிக்கலாகிறது, சாப்பாட்டுல அயோடினே இல்லாம, தினமும் மூணு வேளையும் அதையே தின்னா. வேக வெச்சு, வாரத்துல ரெண்டு நாள் பொரியல் பண்ணிச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. மரவள்ளியை நல்லா வேக வெச்சு, தண்ணியை வடிச்சுட்டு மீன் குழம்போட தாராளமா சாப்பிடுங்க. சோயா மட்டும் மாத்திரை நேரத்துக்குப் பக்கத்துல வேணாம். கொத்தமல்லித் தண்ணி பிடிச்சா குடிங்க, மாத்திரைக்குப் பதிலா குடிக்காதீங்க. எந்தச் சாப்பாடும் மாற்று டிரைவர் ஆக முடியாது.

இப்போ அத்தை மேட்டர். இதுலதான் எனக்கு நிஜமாவே கோபம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு மாத்திரையை நிறுத்தினா கடைசியில யாருக்கு ஆபத்து? ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு அளவைச் சரியா வெச்சிருக்கிற பொண்ணுக்குக் கல்யாணமோ குழந்தையோ எதுவும் தடையில்ல. சிகிச்சையே இல்லாம விட்டாத்தான் மாதவிலக்கு கெடும், கரு தங்குறது சிரமமாகும், கருச்சிதைவுக்கும் வாய்ப்பு அதிகம். வயித்துல வளர்ற குழந்தையோட மூளைக்கு முதல் மூணு மாசம் அம்மாவோட ஹார்மோன்தான் ஆதாரம். அதனால கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டாக்டரைப் பார்த்து டோஸைக் கூட்டணும். கண்ணாடி போடுறதை மறைச்சுப் பொண்ணு பார்க்கிற காலமே போயிடுச்சு. இது மட்டும் ஏன்?

பஸ் பாளையங்கோட்டை வர்றதுக்குள்ள இவ்வளவும் பேசியாச்சு. மறுநாளே அவ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. டி.எஸ்.ஹெச். மறுபடி 40ஐத் தாண்டியிருந்துச்சாம். பழையபடி மாத்திரை. ஏழு வாரம் கழிச்சு போன் பண்ணா. 5.8க்கு வந்திருக்கு, டோஸ் கொஞ்சம் கூட்டியிருக்காங்க, இன்னும் கொஞ்சம் இறங்கணும். முதல் பீரியட்ல தூங்குறதில்லயாம். அரியர் பேப்பருக்கு ஃபீஸ் கட்டியாச்சாம்.

"வீட்ல யாருக்காவது இருக்கான்னு டாக்டர் கேட்டாரா?"ன்னு கேட்டேன். இது குடும்பத்துல தொடர்ந்து வர்ற சங்கதி. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "எங்க அம்மாவும் ரொம்ப நாளா கால் வீங்குது, அசதியா இருக்குன்னுதான் சொல்லுதாங்கக்கா. டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டா, வாழைத்தார் வெட்டு முடியட்டும்ங்காங்க."

தார் வெட்டு முடிய இன்னும் மூணு வாரம் இருக்காம். அதுக்கு மறுநாள் காலையில அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கா.