வராத கடிதம்

யுத்தத்தில் மாண்ட சிப்பாயின் குடும்பத்துக்கு ஜனாதிபதி அனுதாபக் கடிதம் எழுதுவது அமெரிக்காவில் வழக்கம். ஆனால் 2011-ஆம் வருஷம் ஜூலை மாதம் வரையில், போர்முனையில் தற்கொலை செய்துகொண்டவனின் வீட்டுக்கு அந்தக் கடிதம் போனதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் போதாதென்று, 'உங்கள் மகன் கோழை' என்று சர்க்காரே சொல்லாமற் சொன்ன அவமானம் வேறு! ஈராக்கில் மகனை இழந்த ஒரு தாய் தந்தையர் விடாமல் மன்றாடியதன் பிறகு, ஜனாதிபதி ஒபாமா அந்த வழக்கத்தை மாற்றினார். மாறியதும் பாதிதான். ஊர் திரும்பி, மனைவி மக்கள் நடுவே இருந்து, பிறகு உயிரை மாய்த்துக்கொண்டவனுக்கு அந்த உத்தரவில் இடமில்லை.

அப்படிப்பட்டவர்கள் சிலரல்லர். 2001-க்குப் பிந்திய யுத்தங்களில் சேவை செய்த அமெரிக்கர்களில் 30,177 பேர் தற்கொலையால் இறந்ததாக பிரௌன் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி ஒன்று 2021-ல் மதிப்பிட்டது. போர் நடவடிக்கைகளில் மாண்டவர்களோ 7,057 பேர்!

இதற்குக் காரணம் பயம் மாத்திரம் என்று நினைப்பது தவறு. வியத்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்குப் பாஸ்டன் நகரில் சிகிச்சை செய்த ஜானதன் ஷே என்ற வைத்தியர், 1994-ல் வெளியிட்ட நூலில் வேறொரு புண்ணைக் காட்டினார். நியாயமென்று நம்பியதை மேலதிகாரியே காட்டிக்கொடுக்கும்போது சிப்பாயின் உள்ளத்தில் விழும் காயம் அது. தான் செய்ததையும், தடுக்காமல் நின்றதையும் எண்ணி எண்ணி வேகும் மனத்தையும் பின்வந்தோர் அதனுடன் சேர்த்தார்கள். தார்மிகக் காயம் என்று அதைச் சொல்லலாம். பாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா? ஜயித்த தருமபுத்திரர்தானே ராஜ்யம் வேண்டாமென்று அழுதார்? க்ஷத்திரிய தர்மம் என்று தம்பிமார் சொன்ன சமாதானமெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

'தேசத்துக்காகத்தானே செய்தாய்?' என்று நாமும் தேற்றுகிறோம். நல்லெண்ணந்தான், ஆனால் அதைக் கேட்டவன் மேற்கொண்டு வாய் திறப்பதில்லை. கூடப் போரிட்டவர்களிடந்தான் அவனால் பேச முடிகிறது. ஷே தம் சிகிச்சையில் அத்தகைய கூட்டுறவையே பெரிதும் நம்பினார்.

வீட்டாருக்கு இன்னொரு அச்சம் உண்டு. 'சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?' என்று நேராகக் கேட்டால், அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்பது. அப்படி நேர்வதில்லையென்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். கேட்கலாம், கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, வைத்தியரிடம் கூடவே போகவேண்டும்.