தண்ணீரில்லாத மீன்தொட்டி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

நம் துறைத் தாழ்வாரத்தில், பேராசிரியர்கள் அறைக்கு எதிரே, இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதை நண்பர்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். சென்ற கார்த்திகை மாதம் முழுவதும் அதில் தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. ஈர மண், அதன்மேல் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள், மேலே இழுத்துக் கட்டிய பாலித்தீன் தாள், அவ்வளவுதான். போவோர் வருவோர் கேட்ட கேள்வி ஒன்றே: "என்னப்பா, தொட்டி ஒழுகுதா?"

ஒழுகவில்லை நண்பர்களே! வேண்டுமென்றேதான் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்தோம். அது ஏன் என்று சொல்லவும், இடையில் நேர்ந்த ஒரு தவறு இனி நேரக்கூடாது என்று வாதிடவும் இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

கதை ஆடி மாதத்தில் தொடங்குகிறது. எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு 1,400 ரூபாய் சேர்த்தோம். தியாகராய நகரில் ஒரு கடையில் தரைவிரிப்புப் போலப் படரும் ஹெமியாந்தஸ் என்னும் செடியை வாங்கி வந்தோம். கியூபா நாட்டுச் செடி; இலை குண்டூசித் தலையளவே இருக்கும். அன்று மாலையே நட்டு, அன்று மாலையே தொட்டியை நிரப்பிவிட்டோம். மறுநாள் பாதிச் செடி மிதந்தது. பத்தாம் நாள் மீதியும் கூழாகிக் கரைந்தது. பிறகு பாசி வந்தது. பணம் போனதைவிட, முதலாமாண்டு மாணவர்கள் சுற்றி நின்று பார்த்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஏன் செத்தது என்று பேராசிரியர் ஐயாவிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. "அந்த இலையை உரிச்சு மைக்ராஸ்கோப்பில் வெச்சுப் பார்" என்றார். கடையில் மிஞ்சிய ஒரு கொத்தை இரவல் வாங்கி வந்து பார்த்தோம். இலைத்துளைகள் இருந்தன! நீருக்குள் வாழும் இலைக்கு அவை எதற்கு? அப்போதுதான் விளங்கியது. இத்தகைய செடிகளைப் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள். நாம் வாங்கி வருவது காற்றில் வாழப் பழகிய இலைகளை. அவற்றை ஒரே நாளில் மூழ்கடித்தால் அவை பயனற்றுப் போகின்றன. நீரில் கரியமில வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே செடி மெல்லிய புது இலைகளைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய சேமிப்பு இவ்வளவு சிறிய செடியிடம் ஏது? வேரும் இன்னும் ஊன்றவில்லை. இடையே பாசி முந்திக்கொள்கிறது.

மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, மேலே மூடி, ஒளி கொடுத்து, நான்கு முதல் எட்டு வாரம் வரை செடியைத் தரையில் படரவிட்டுப் பிறகு நீர் நிரப்பும் முறையொன்று உலகெங்கும் மீன்தொட்டி வளர்ப்போரிடையே வழங்கி வருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு இலவசம், சிலிண்டர் தேவையில்லை. மண்ணின்மேல் தண்ணீர் நிற்காததால் நீர்ப்பாசிக்கும் அங்கே இடம் குறைவு. வேர் நன்றாக ஊன்றியபின் தண்ணீர் வந்தால் செடி மிதந்து போகாது.

இதை நான் பெரிய கண்டுபிடிப்புப் போல வீட்டில் சொன்னேன். அப்பா அடையாற்றில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. பிறந்தது மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "இதுல என்னடா புதுசு? எங்க ஊர்ல புழுதி விதைப்பு இதுதானே" என்றார். செங்கற்பட்டுச் சீமையில் ஏரிப் பாசனத்தை நம்பியவர்கள் நெல்லை உலர்ந்த புழுதியிலேயே விதைப்பார்கள். பயிர் மழை ஈரத்தில் வளரும். ஏரி நிரம்பிய பின்தான், விதைத்து ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து, வயலில் தண்ணீர் கட்டுவார்கள். நான் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றதை, பள்ளிக்கூடம் போகாத என் அப்பா ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லி முடித்தார்.

அம்மாவின் கேள்வி வேறு. "குடிக்கவே தண்ணி இல்லாம கெடந்தோம், உனக்கு மீன்தொட்டியா?" 2019 சூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு போனபோது, மந்தைவெளியில் எங்கள் தெருவில் லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடித்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. முதல் ஆறு வாரம் இத்தொட்டி ஒரு தெளிப்பான் அளவுத் தண்ணீரில் வாழ்கிறது என்று மட்டும் சொன்னேன். அம்மா சமாதானம் ஆகவில்லை.

ஆவணியில் இரண்டாம் முறை, இம்முறை தண்ணீரின்றி, நட்டோம். பதினான்காம் நாள் கல்லூரிக்கு வெளியிலிருந்து பார்வையாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. வெறும் தொட்டி நின்றால் துறைக்கு இழுக்கு என்று யாரோ நினைத்துவிட்டார்கள். காலையில் நாங்கள் வந்து பார்த்தபோது தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. நான்கு தங்க மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன! பார்வையாளர்கள் "அழகு" என்றார்களாம். அடுத்த வாரம் செடிகள் கூழாயின. அதற்கு முன்பே இரண்டு மீன்கள் செத்துப் போயின. சத்துள்ள புது மண்ணில் நீர் நிரப்பியவுடன் அம்மோனியா வெளிவரும் என்பது நிரப்பியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் ஓர் அறிவியல் துறையில் நிரம்பிய தொட்டிதான் பெருமை, வளர்ந்துகொண்டிருக்கும் தொட்டி சிறுமை என்று கருதுவதை நான் ஏற்க மாட்டேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு "இரண்டு வருஷமாச்சே, இன்னும் ஒண்ணும் தெரியலையே" என்ற கேள்வி பழக்கமானதுதான். தொட்டியின்மேல் ஒரு அட்டை ஒட்டி, நட்ட தேதியையும் நிரப்பும் தேதியையும் எழுதி வைத்தால் போதாதா? பார்வையாளர் அதையும் படிப்பார். நிரம்பிய தொட்டியைவிட அதில் அவர் கேட்கக் கேள்விகள் அதிகம் இருக்கும்.

மூன்றாம் முறைக்கு எங்களிடம் பணமில்லை. அப்பாவின் ஊர்க் குளக்கரையிலிருந்து ஆரைக்கீரை கொண்டு வந்தேன். ஆம், நாம் ரெக்கார்டு நோட்டில் ஸ்போரோகார்ப்பை வெட்டி வெட்டி வரைந்தோமே, அதே மார்சிலியாதான்! பரீட்சைக்குப் படித்த செடியைப் பலர் கீரையாகவும் தின்றிருக்கிறோம் என்பது வகுப்பில் அன்றுதான் வெளிவந்தது. அதன் ஆஸ்திரேலிய உறவினமான மார்சிலியா ஹிர்சூட்டாவைத்தான் கடைகளில் தரைவிரிப்புச் செடியென்று விலைக்கு விற்கிறார்கள்.

ஐப்பசிக் கடைசியில் நட்டோம். வடகிழக்குப் பருவமழைக் காலம் இதற்கு மிக ஏற்றது. சித்திரை, வைகாசியில் மூடிய தொட்டி சென்னை வெயிலில் அடுப்பாகிவிடும். நாள்தோறும் பத்து நிமிடம் தாளைத் திறந்து காற்று விட்டோம். ஒருமுறை விடுமுறையில் மறந்ததால் ஒரு மூலையில் பூஞ்சை பிடித்தது. அந்த மண்ணைக் கரண்டியால் எடுத்தெறிந்தோம். நாற்பத்திரண்டாம் நாள், மார்கழித் தொடக்கத்தில், ஒரு தட்டை மண்மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மெதுவாக ஊற்றி நிரப்பினோம்.

இம்முறை எல்லாம் சுகமாய் நடந்தது என்று எழுத மாட்டேன். நிரப்பிய பிறகும் மூன்றிலொரு பங்கு இலை அழுகியது. "நீ சாவைத் தள்ளித்தான் போட்டாய்" என்று ஒரு நண்பன் சொன்னான். பாதி உண்மை. இலை மாறியே ஆக வேண்டும்; ஆனால் இந்த முறை வேர் இருந்தது, ஆகவே செடி மிதக்கவில்லை, புது இலை வந்தது. சில இலைகள் காம்பு நீண்டு மேலே வந்து மிதக்கின்றன; குளத்து வழக்கத்தை விடவில்லை. வாரம் ஒருமுறை கத்தரிக்கிறோம். எல்லாச் செடிக்கும் இம்முறை ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளிச்சேர்க்கைச் சோதனையில் குமிழி எண்ணுகிறோமே, அந்த ஹைடிரில்லாவும், வாலிஸ்னேரியாவும் தண்ணீரை விட்டு எடுத்தால் சுருண்டுவிடும்.

கத்தரித்ததை யாரும் அடையாற்றிலோ கோயில் குளத்திலோ வீசாதீர்கள். நம் ஆரைக்கீரையால் கேடில்லை. கடையில் வாங்கிய அயல்நாட்டுச் செடி அப்படியல்ல. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை எப்படி மூடிக் கிடக்கிறது என்பதைப் பாலத்தின்மேல் பேருந்தில் போகும்போதே பார்க்கலாம்.

மாசி பிறந்துவிட்டது. தொட்டியில் இப்போது மீன்கள் விட்டிருக்கிறோம், ஆறே ஆறு. பக்கத்தில் விலங்கியல் துறையினரும் ஒரு காலித் தொட்டியில் மண் பரப்பியிருக்கிறார்கள். ஆரைக்கீரை நாற்று எங்களிடம்தான் வாங்கிப் போனார்கள். அதன்மேல் அட்டை ஒட்டியாகிவிட்டது. பங்குனிக் கடைசி வரை அதில் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.