பொதுப்பணமும் சமய நடுநிலையும்

சமய நிறுவனங்களுக்குப் பொதுப்பணம் வழங்கலாகாது என அரசியலமைப்பில் எழுதிவைத்துவிட்டால் சிறுபான்மையோருக்குக் காப்புக் கிடைத்துவிடும் என நம்புவோர் நம்மிடையே உளர். அன்னார் அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1875ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிளெயின் என்பார், பாடசாலைகளுக்கான பொதுப்பணம் எச்சமயப் பிரிவினரின் கையிலும் சேரலாகாது எனச் சமஷ்டி அரசியலமைப்புக்குத் திருத்தமொன்றைக் கொணர்ந்தார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அத்திருத்தம், மறு ஆண்டில் செனற் சபையில் தோல்வியுற்றது. ஆயினும் அத்தகைய விதிகள் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களின் அரசியலமைப்புகளில் இடம்பெற்றன.

கேட்பதற்கு நீதியான விதிதான். ஆனால், அக்காலத்துப் பொதுப் பாடசாலைகள் பலவற்றில் புரட்டஸ்தாந்தரின் வேதாகமமே வாசிக்கப்பட்டது. பெரும்பான்மையோர் தம் சமயத்துக்கெனத் தனியே பணம் கேட்கவேண்டியிருக்கவில்லை. 'பொது' என்னும் பெயராலேயே அது அவர்களுக்குக் கிடைத்தது. குடியேறிய கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை அமைத்து உதவி வேண்டியபோதே கதவு அடைபட்டது.

இன்று காற்று எதிர்த்திசையில் வீசுகின்றது. தனியார் பாடசாலைகளுக்குப் பொதுவாக வழங்கும் உதவியைச் சமயப் பாடசாலை என்பதற்காக மறுத்தலாகாது என, 2020இல் மொன்றானா வழக்கிலும் 2022இல் மேயின் வழக்கிலும் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களோ இவ்விதிகளை எளிதில் கைவிட்டாரில்லை. 2012இல் புளோரிடாவிலும் 2016இல் ஒக்லகோமாவிலும் இவற்றை நீக்கும் யோசனைகளை வாக்காளர் நிராகரித்தனர்.

நாம் அவ்வாக்காளர் பக்கமே நிற்கின்றோம். கமக்காரனிடமும் வைத்தியரிடமும் வரியாகப் பெற்ற பணம், அவர்கள் ஏற்காத சமயமொன்றின் போதனைக்குச் செலவாதல் முறையன்று. ஆனால், விதி எல்லோரையும் ஒப்பக் கட்டுப்படுத்தல் வேண்டும். கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் மறுக்கப்படுவது, பெரும்பான்மையோரின் வழிபாட்டிடத்துக்குப் 'பண்பாடு' என்ற பெயரில் வழங்கப்படுமாயின் அது நடுநிலையன்று, வஞ்சகமே.

இவ்வுண்மையை நமக்கு அமெரிக்கர் கற்பிக்கவேண்டியதில்லை. ஒரு சமயத்தாருக்கில்லாத சலுகையை மற்றொரு சமயத்தாருக்கு வழங்குதலைச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்தது. 1972இல் அப்பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதனையே தொடர்ந்தது.

எனவே, விதியில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. 'பொது' என்பது யாருடைய கையில் இருக்கின்றது என்றும் கேட்போமாக!