படம் பார்க்கப் போகலாமா?

"படத்துக்குப் போகலாமா?" என்று முன்னாளிற் பிள்ளைகள் கேட்பதுண்டு. "பரீட்சை முடியட்டும், பார்ப்போம்" என்று தந்தையார் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே விடை கூறுவதுமுண்டு. அத்துடன் பேச்சு முடிந்துவிடும். போவதென்று முடிவானால், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குச் சவோய் அல்லது பிளாசா. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கெயிற்றி அல்லது செல்லமஹால். கையிலுள்ள காசுக்கு ஏற்றபடி கலரி, அல்லது பல்கணி. இதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

இன்றைய வீடுகளில் அந்தச் சிறிய கேள்வி பத்துக் கேள்விகளாகப் பெருகிவிட்டது. ஆங்கிலத்திற் பார்ப்பதா, தமிழ்க் குரலிற் பார்ப்பதா? சாதாரணத் திரையா, முப்பரிமாணமா, ஐமாக்ஸ் என்னும் பெருந்திரையா? முதல் நாளே போவதா, கூட்டம் குறைந்த பின்னர் போவதா? படமாளிகைக்குப் போவதா, வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்வதா, கைத்தொலைபேசியோடு கட்டிலிற் சாய்வதா? அதிலும் 'சூப்பர் ஹீரோ' எனப்படும் அதிமானுட வீரர்களின் படமாயின் விவாதம் ஆறு மாதத்துக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. அடுத்த 'அவெஞ்சர்ஸ்' படம் 2026 மே மாதத்தில் வெளிவரும் என்று முதலிற் சொன்னார்கள். 2025இல் அதை மாற்றி 2026 டிசெம்பர் 18 என்று அறிவித்தார்கள். ஏழு மாதம் தள்ளிப்போனதை அறிந்த நாளில், எனக்குத் தெரிந்த மாணவர் சிலர் பரீட்சைப் பெறுபேறு தள்ளிப்போனதற்குக்கூட அவ்வளவு துக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

"எப்படிப் பார்ப்பது நல்லது?" என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் 2019ஆம் ஆண்டின் கதை ஒன்றைச் சொல்வது வழக்கம். இந்த ஞாயிறு அதை எழுதியே விடுகிறேன்.

என் தமக்கையார் குடும்பம் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறது. அவருடைய மகனுக்கு, அதாவது என் பெறாமகனுக்கு, அப்போது பன்னிரண்டு வயது. அவ்வருடம் ஏப்பிரல் மாதம் முழுவதும் அவன் வாயில் ஒரே பேச்சுத்தான்: 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'. 2008இல் 'அயன் மேன்' என்னும் படத்தோடு தொடங்கிய வரிசையில் அது இருபத்திரண்டாவது படம். முந்திய ஆண்டில் வந்த படத்தின் முடிவில், தானோஸ் என்னும் அசுரன் தன் விரலைச் சொடுக்க, உலகத்து உயிர்களிற் பாதி சாம்பலாகி மறைந்துவிடும். மறைந்தவர்கள் மீள்வார்களா, மாட்டார்களா? அந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு உலகெங்கும் உள்ள பிள்ளைகள் ஓராண்டு காத்திருந்தார்கள். சிறுவர்க்கு ஓராண்டு எவ்வளவு நீண்டது என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன், அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணையே எழுதிக் கொண்டுவந்திருந்தான். முப்பரிமாணம் வேண்டாம் என்பது அவனுடைய முதலாவது தீர்மானம். "சின்னம்மா, சங்கருடைய 2.0 படத்தை இரண்டு கண்போல இரண்டு வில்லை பூட்டிய கமராவால் எடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகுதான் முப்பரிமாணமாக மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் வெளிச்சமும் குறையும். அம்மா ஏற்கெனவே ஒரு கண்ணாடி போடுகிறா. அதற்கு மேலே இன்னொன்றா?" என்று வக்கீலைப் போல் வாதாடினான். படம் முழுவதும் ஐமாக்ஸ் கமராவினால் எடுக்கப்பட்டது என்பதையும் அறிந்திருந்தான். ஆயினும் கிட்டிய படமாளிகையே போதும், யாவரும் ஒன்றாய்ப் போவதே முக்கியம் என்று ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது தீர்மானம், மொழி. அப்படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு ஏ. ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்திருந்தார்கள். தமிழகத்து இரசிகர்களிடையே அந்தக் குரலைப் பற்றிப் பெருஞ் சச்சரவு எழுந்தது. எங்கள் பையன் ஆங்கிலக் கட்சி. "அப்படியானால் எனக்கு என்ன விளங்கும்?" என்று என் தாயார் கேட்டா. "அம்மம்மா, நீங்கள் வரத் தேவையில்லை. மூன்று மணித்தியாலம், ஒரு நிமிடம். உங்களால் இருக்க முடியாது" என்றான். அவ்வளவு பெரிய படமாளிகையில் அம்மம்மாவுக்கு மாத்திரம் இடமில்லாமற் போயிற்று.

படத்தின் நெறியாளர்களாகிய ரூசோ சகோதரர்கள், முடிவைப் பிறருக்கு வெளியிட வேண்டாம் என்று இரசிகர்களைக் கேட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார்கள். பையன் அதை வேதவாக்காகக் கொண்டான். தொரொன்ரோவில் உள்ள ஒன்றுவிட்ட அண்ணன் தனக்கு முன்னரே பார்த்துவிட்டு வாட்சப்பில் ஏதாவது எழுதிவிடுவானோ என்பதே அவனுடைய பெரும் அச்சம். ஏப்பிரல் 26ஆந் திகதி வெள்ளிக்கிழமையை ஒட்டிய வாரத்தில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் படம் வெளியாக இருந்தது. நாங்களும் அந்த வார இறுதியைக் குறித்து வைத்தோம்.

ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. காலை ஒன்பது மணி ஆகுமுன் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் அதே காலையில் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தோனியார் கோவில் கத்தோலிக்கருக்கு மாத்திரம் உரியதன்று என்பதைக் கொழும்பில் வாழும் எவரும் அறிவர். செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் அங்கே மெழுகுதிரியோடு நிற்பார்கள். என் தமக்கையாரும் அவர்களில் ஒருவர். வெடித்த சத்தம் அவர்கள் வீட்டு யன்னலை அதிரவைத்தது. பையனோடு மாலையிற் பந்தடிக்கும் சிறுவன் ஒருவன் அன்று காலை பூசைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வரவில்லை.

ஊரடங்குச் சட்டம் பிறந்தது. சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கிற்று. ஏப்பிரல் 30ஆந் திகதிவரை அவை திறக்கப்படவில்லை. தொரொன்ரோ அண்ணனிடமிருந்து வாட்சப்பில் எதுவும் வரவில்லை. வந்தது தொலைபேசி அழைப்பு. படத்தின் முடிவைச் சொல்ல அல்ல. எல்லாரும் உயிரோடிருக்கிறீர்களா என்று அறிய. பையன் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தான். படத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில நாள் கழித்து, ஒருவர் சிறிய 'பென்' ஒன்றில் படத்தைப் பதிந்து கொண்டுவந்து கொடுத்தார். படம் இந்தியாவில் வெளியாகுமுன்னரே அதன் களவுப் பிரதி இணையத்தில் உலாவத் தொடங்கியிருந்தது. கொடுத்தவருடைய எண்ணம் நல்லதே. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, இதையாவது பார்க்கட்டும் என்ற இரக்கம். அத்தானும், "இனிக் கூட்டத்துக்குள் போய் இருட்டில் மூன்று மணித்தியாலம் இருப்பதா? வீட்டிலே பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பையனோ கடைத்தெருவுக்குப் போவதற்கே அஞ்சிக்கொண்டிருந்தான். முதுகிற் பை கொழுவிய எவரைக் கண்டாலும் தாயின் கையைப் பற்றிக்கொள்வான்.

அப்போது என் தாயார் சொன்ன விஷயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"உங்களுக்கு அயன் மேன், எங்களுக்கு எம்.ஜி.ஆர். அவர் ஒருத்தர் வாள் வீசினால் நாற்பது பேர் விழுவினம். நானும் உங்கள் தாத்தாவும் ஒரு படமும் தவறவிட்டதில்லை. 1983 யூலையில் வீடுகள் எரிந்தன, கடைகள் எரிந்தன, தமிழர்களுடைய படமாளிகைகளும் எரிந்தன. அதுக்குப் பிறகு தாத்தா படமாளிகை வாசலை மிதிக்கவில்லை. டெக்கும் கசெற்றும் வாடகைக்கு எடுத்து, யன்னலைப் பூட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்போம். ஒரு இரவில் மூன்று படம். வசதிதான். ஆனால் அவர் சிரிக்கிற சத்தம் அதுக்குப் பிறகு வெளியே கேட்டதில்லை. வீட்டிலே பார்க்கிறது பிழை என்று நான் சொல்லவில்லை. பயத்திலே பார்க்கிறதுதான் வேண்டாம். இவனுக்கு மனம் வரும்வரை பொறுத்திருப்போம். மனம் வந்தால் நானும் வருவன்."

பையன் அந்தப் 'பென்'னைத் தானே எடுத்துத் தாயாரிடம் கொடுத்து, "பிறகு பார்க்கலாம்" என்றான்.

பல வாரங்கள் சென்றன. நகரம் மெல்ல மெல்ல நடமாடத் தொடங்கிற்று. ஒரு நாள் அவனாகவே, "சின்னம்மா, கதவுக்குப் பக்கத்தில் கதிரை கிடைக்குமா?" என்று கேட்டான். வார நாளொன்றில், பகற்காட்சிக்குச் சென்றோம். வாசலிற் பைகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே முக்காற் பங்கு கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. ஓரக் கதிரையில் அவன், அடுத்து அம்மம்மா. ஆங்கிலம் அறியாத அம்மம்மாவுக்கு அவன் கதையை மெல்லிய குரலிற் சொல்லிக்கொண்டே இருந்தான். இடைவேளையிற் கச்சான் வேண்டாம் என்றவன், பின்னர் அவவுடைய சுருளிலிருந்தே எடுத்துத் தின்றான்.

அப்படத்தின் முதற் பகுதியிற் சண்டை மிகக் குறைவு. உறவினரை இழந்தவர்கள் வட்டமாக அமர்ந்து பேசுகிறார்கள். வெறிச்சோடிய நகரத்தில் இறந்தோர் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. கொழும்பில் அந்த வருடம் அக்காட்சிகளைப் பார்த்தவர்கள் அவற்றை வெறும் கற்பனையாகக் கண்டிருக்க முடியாது. இறுதியில், மறைந்தவர்கள் ஒளி வட்டங்களின் ஊடாகக் கூட்டங் கூட்டமாக மீண்டு வருகிறார்கள். உலகெங்கும் இரசிகர்கள் கைதட்டி ஆரவாரித்த கட்டம் அதுவே. எங்கள் பையன் கைதட்டவில்லை.

"அம்மம்மா, உண்மையில் இப்படித் திரும்பி வரமாட்டினம், என்ன?" என்றான்.

"வரமாட்டினம், ராசா. அதாலேதான் படத்திலே வரப்பண்ணுகினம்" என்றா.

அவன் அழுதான். அந்தப் பந்தாட்டத் தோழனுக்காக அவன் அழுததை நாங்கள் கண்டது அதுவே முதல் தடவை. சுற்றிலும் இருட்டாயிருந்தபடியால் அவனுக்கு வெட்கப்படவும் தேவை இருக்கவில்லை. ஜூன் 12ஆந் திகதி அந்தோனியார் தேவாலயம் மறுபடியும் திறக்கப்பட்டது. அதன் பின் வந்த செவ்வாய்க்கிழமை ஒன்றில் தாயாரோடு அவனும் போனான்.

இனி, கேட்டவர்களுக்கு என் விடை.

திரையின் அளவைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் பிள்ளைகள் ஆராய்வது நல்லதே. எதை எப்படி எடுத்தார்கள் என்று அறிந்து தெரிவு செய்வதும் ஒரு கல்விதான். ஆனால் அவை எல்லாம் இரண்டாவது கேள்வி. முதலாவது கேள்வி, யார் யார் வருகிறார்கள் என்பது. குடும்பத்தில் மிகச் சிறியவருக்கும் மிக முதியவருக்கும், அச்சமுடையவருக்கும் எந்த நேரமும் எந்த இடமும் ஒத்துவருமோ, அதுவே நல்ல காட்சி. முதல் நாட் காட்சியைத் தவறவிட்டால் உலகம் சாம்பலாகிவிடாது.

வீட்டிற் பார்ப்பதைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். மலையாளத்து அதிமானுட வீரனாகிய 'மின்னல் முரளி' 2021 டிசெம்பர் 24ஆந் திகதி படமாளிகைக்கு வராமல் நேரே நெட்பிளிக்ஸ் மூலம் வீடுகளுக்குத்தான் வந்தான்; தமிழிலும் பேசினான். ஐந்து பேருக்கு ரிக்கற் வாங்க இயலாத மாதத்தில், சில காலம் பொறுத்து, நேரிய வழியில் வீட்டுக்கு வரும்போது எல்லாரும் ஒருங்கே அமர்ந்து பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. களவுப் பிரதியை மாத்திரம் வீட்டுக்குள் விட வேண்டாம். பிறர் உழைப்பைத் திருடுவது என்ற குற்றம் ஒருபுறமிருக்க, யாரோ ஒருவர் இருட்டில் ஒளித்து எடுத்த மங்கலான படத்தையும், முன்னே எழுந்து போகிறவரின் தலையையும் பார்ப்பதற்கா பிள்ளைகள் ஓராண்டு காத்திருந்தார்கள்?

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலிற் பார்த்தவர்கள் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தோழன் ஏன் இன்னும் பார்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. காசில்லாமல் இருக்கலாம், பரீட்சையாய் இருக்கலாம், கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடைக்கும்வரை காத்திருக்கலாம்.

பையன் இப்போது வளர்ந்து மீசை அரும்பிவிட்டான். அடுத்த படத்தின் திகதியை அறிவித்த அன்று அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. திரையைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் நீண்ட பிரசங்கம் ஒன்றை எதிர்பார்த்தேன். "சின்னம்மா, அம்மம்மாவுக்கு முழங்கால் நோ எப்படி? படியேறாமற் போகக்கூடிய படமாளிகையாகப் பார்க்க வேண்டும்" என்றான்.