தூக்குவாளியும் கௌரவமும்



ரமளான் மாதத்து அஸர் வேளையைச் சற்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிவாசலின் பின்புறம் அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதித்து அடங்கியிருக்கும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் கலந்த மணம் தெருமுனை வரை வரும். முன்பெல்லாம் அதனோடு ஓர் ஓசையும் வரும். வரிசையில் முண்டியடிக்கும் பிள்ளைகளின் தூக்குவாளிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை அது. எந்த ஆண்டில் அது நின்றுபோயிற்று என்று எவரேனும் கவனித்தோமா?

வாளியின் இடத்தைப் பாலிதீன் பை பிடித்துக்கொண்டது. கொதிக்கும் கஞ்சியை மெல்லிய பையில் வாங்கிச் செல்கிறோம். கால்மணி நேரத்தில் பை தெருவுக்கு வந்துவிடுகிறது. அதை ஆடு தின்கிறது. எஞ்சியது சாக்கடையை அடைக்கிறது. தமிழக அரசு இத்தகைய பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. ஆயினும் எங்கள் மஹல்லாவில் வாளி திரும்பி வரவில்லை.

வீண்விரயம் கூடாதென்று நமக்குத் தெரியாதா? உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறுவதைத் திருமறையின் ஏழாம் அத்தியாயம் தடுப்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டருக்குள் அடங்கும் நீரில், ஒளூச் செய்தார்கள் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். (நடத்திய அன்றே குழாயை முழுவதும் திறந்துவிட்டு ஒளூச் செய்தவனும் நானே. மாணவன் ஒருவன் ஓசையின்றி வந்து அதைத் திருகிவிட்டுப் போனான்.)

மாணவன் ஒருவனின் தாயாரிடம் ஒருநாள் காரணம் கேட்டேன். "வாளியைத் தூக்கி அனுப்பினால் இல்லாத வீட்டுப் பிள்ளை என்று நினைப்பார்களே, ஹஜ்ரத்!" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. விரயம் கூடாது என்பது நம் பண்பாடு. நாலு பேர் முன்னிலையில் தாழ்ந்துவிடக் கூடாது என்பதும் நம் பண்பாடே. இரண்டாவது முதலாவதை வென்றிருக்கிறது. இதை எந்தச் சட்டம் மாற்றும்?

இரண்டு ரமளான்களில் ஒலிபெருக்கியில் அறிவித்துப் பார்த்தோம், பயனில்லை. சென்ற ரமளானில் எங்கள் ஜமாஅத்தின் வசதி படைத்த வணிகப் பெரியவர் ஒருவர், கடைப் பையனை அனுப்பாமல், எவர்சில்வர் வாளியுடன் தாமே வந்து சிறுவர்களின் பின்னால் வரிசையில் நின்றார். உபதேசம் ஏதும் செய்யவில்லை. மூன்றாம் நாள் அவருடைய அண்டை வீட்டாரும் வாளியோடு வந்தார். பத்தாம் நோன்புக்குள் பழைய ஓசை பாதியளவு திரும்பிவிட்டது!

வழிப்போக்கர்களும் வெளியூர்ப் பணியாளர்களும் வாளிக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு இரவலாகக் கொடுக்க ஜமாஅத்தில் நாற்பது வாளிகள் வாங்கி வைத்தோம். பெருநாளன்று எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொன்றே இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் வந்து போனவராயின், உங்கள் அடுக்களையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.