வெல்லும் குதிரை எது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் இங்கிலாந்து நாட்டிலே ஒரு கேள்வியும் பிறந்துவிடும். ஆலைத் தொழிலாளி கேட்பான், அலுவலக எழுத்தர் கேட்பார், ஆண்டு முழுவதும் குதிரையின் முகத்தையே பார்த்தறியாத மூதாட்டியும் கேட்பார்: "வெல்லும் குதிரை எது?"

லிவர்பூல் நகரையொட்டிய எய்ன்ட்ரீ திடலிலே நடைபெறும் கிராண்ட் நேஷனல் என்னும் தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய கேள்வி அது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓட்டம். தாண்ட வேண்டிய தடைகள் 30. ஓடும் குதிரைகள் 34 வரை.

கேள்வி பிறந்ததும் பதில் கூற ஏடுகள் முந்துகின்றன. பக்கம் பக்கமாகக் கணிப்பு! குதிரையின் தந்தை எது, தாய் எது. ஜாக்கியின் சட்டை நிறம் என்ன. ஈரத்தரை அதற்கு ஏற்குமா, காய்ந்த தரை ஏற்குமா. சுமக்கும் எடை எவ்வளவு என்று அடுக்கடுக்காகச் செய்திகள். அடியிலே தடித்த எழுத்தில் தீர்ப்பு: "இதுவே வெல்லும்!"

என்னுடன் கல்லூரியிலே பயின்ற தோழன் ஒருவன் இன்று லிவர்பூலிலே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அத்தகைய தீர்ப்பொன்றை நம்பி ஒரு வார ஊதியத்தைக் கட்டினான். குதிரை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. எனக்கு மடல் எழுதினான். பணம் போனதே என்று அவன் புலம்பவில்லை. "நான் சரியாக ஆராயவில்லை. அடுத்த முறை நன்கு ஆராய்ந்து கட்டுவேன்" என்று எழுதியிருந்தான்.

அந்த ஒரு வரிதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. பொருளைப் பறிகொடுத்தவன் பறித்தவனை நோகவில்லை. தன் அறிவையே நொந்துகொள்கிறான்! சோதிடம் பொய்த்தால் "பிறந்த நேரத்தை நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று வருந்தும் ஏழைக்கும் இவனுக்கும் என்ன வேற்றுமை? அங்கே பஞ்சாங்கம், இங்கே பந்தயப் பக்கம்!

ஆராய்ச்சிதானே வேண்டும்? வாருங்கள், நாமும் ஆராய்வோம். ஓடும் குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மாவீரக் குதிரை. கோல்டன் மில்லர் என்று பெயர். செல்ட்டன்ஹாம் தங்கக் கோப்பையை 1932 முதல் 1936 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1934ஆம் ஆண்டு தங்கக் கோப்பையையும் கிராண்ட் நேஷனலையும் சேர்த்தே வென்றது. இதைவிடத் தகுதி வேண்டுமா? 1935இல் மீண்டும் எய்ன்ட்ரீக்கு வந்தது. ஒன்றுக்கு இரண்டு என்றுதான் விலை; அவ்வளவு நம்பிக்கை மக்களுக்கு! முதற்சுற்றிலேயே ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டது அந்த மாவீரன்.

இரண்டாவது, சென்ற ஆண்டு வென்ற குதிரை. பழக்கப்பட்ட பாதை, பழகிய தடைகள் என்று கணிப்பாளர் கூறுவர். கோராக் ராம்ப்ளர் 2023இல் வென்றது. 2024இல் அதே திடல். முதல் தடையிலேயே ஜாக்கி தரையிலே!

மூன்றாவது, அரண்மனைக் குதிரை. 1956இல் அரசியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக் முப்பது தடைகளையும் தாண்டி முன்னே வந்துகொண்டிருந்தது. கோட்டுக்குச் சில கஜங்களே இருந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. தடையே இல்லாத வெற்றுத் தரையிலே கால் பரப்பி வீழ்ந்தது குதிரை! பின்னாலே வந்த இ.எஸ்.பி. வென்றது. ஏன் வீழ்ந்தது என்பதற்கு இன்றுவரை ஐயத்திற்கிடமற்ற விடை இல்லை. அன்று அதன்மீது அமர்ந்திருந்த ஜாக்கி டிக் பிரான்சிஸ் பின்னாளிலே மர்ம நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றார். மர்மத்திற்கு அவர் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை!

நான்காவது, எவருமே எண்ணிப் பாராத குதிரை. 1928இல் 42 குதிரைகள் ஓடின. வீழாமல் வந்தது ஒன்றே ஒன்று; டிப்பரரி டிம். அதன் விலை ஒன்றுக்கு நூறு. 1967இல் 23ஆவது தடையருகே ஜாக்கியை இழந்த குதிரை ஒன்று குறுக்கே ஓட, வந்த குதிரைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நின்றன. வெகுதூரம் பின்தங்கியிருந்த பாயினவன் சந்து கண்ட இடத்தில் தாண்டி ஓடிற்று, வென்றது! அதற்கும் ஒன்றுக்கு நூறுதான் விலை. முந்தியவை தோற்றன, பிந்தியதே வென்றது. இன்று அந்தத் தடைக்கே அதன் பெயர். 2009இல் மோன் மோம், மீண்டும் ஒன்றுக்கு நூறு.

"பார்த்தாயா, விதிவிலக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைக்கிறாய்! ரெட் ரம் 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெல்லவில்லையா? திறமைக்கு இடமே இல்லையா?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி. நேராகவே விடை கூறுவோம். இடமுண்டு. நல்ல குதிரை உண்டு, நல்ல பயிற்சி உண்டு, தரையின் ஈரம் ஓட்டத்தை மாற்றும் என்பதும் உண்மை. குதிரையை ஆராய்வது அறிவுதான். ஆனால் அந்த அறிவு, கட்டுபவன் பையை நிரப்புமா என்பதே கேள்வி.

நிரப்பாது. காரணம் இரண்டு.

ஒன்று, எடை. கிராண்ட் நேஷனல், ஹாண்டிகேப் முறையில் நடக்கும் பந்தயம். வல்ல குதிரைக்கு மிகுந்த எடை, எளிய குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒருசேரக் கோட்டைத் தொடவேண்டும் என்பதே எடை வகுப்பவரின் இலட்சியம். அதாவது, எது வெல்லும் என்று எவரும் கூற முடியாதபடி செய்வதற்கென்றே ஊதியம் கொடுத்து ஓர் அதிகாரியை அமர்த்தியிருக்கிறார்கள்! அவர் கட்டிய முடிச்சை அரைப் பக்கத்தில் அவிழ்ப்பதாகக் கூறுகிறது ஏடு.

இரண்டு, விலை. நீங்கள் அறிந்த செய்தியெல்லாம் பந்தயம் பிடிக்கும் புக்கியும் அறிந்ததே. அதையெல்லாம் சேர்த்தே அவன் விலை வைக்கிறான். நான்கு குதிரைகள், நான்கும் சமவலிமை என்று கொள்வோம். நியாய விலை ஒன்றுக்கு மூன்று. நான்கின்மீதும் ஒவ்வொரு பவுண்டு கட்டினால், நான்கு கொடுத்து நான்கு பெறலாம். புக்கியோ ஒன்றுக்கு இரண்டரை என்பான். நான்கு பவுண்டு கட்டியவனுக்கு, கட்டிய ஒன்றும் சேர்த்து மூன்றரைதான் திரும்பும். எந்தக் குதிரை வென்றாலும் அரை பவுண்டு அவன் பெட்டியில்! எல்லாப் பந்தயத்திலும் இந்தக் கணக்குத்தான். குதிரைகள் கூடக்கூடக் கணக்கு கண்ணுக்கு மறைகிறது. ஒரு நாள் அவன் தோற்கலாம். ஆண்டுக் கணக்கிலே தோற்பவன் கட்டுபவனே.

எனவே ஐந்தாவது குதிரை ஒன்று உண்டு. அது ஓடுவதில்லை, தாண்டுவதில்லை, வியர்ப்பதுமில்லை. ஆனால் வெல்கிறது! ஒரு காலத்திலே அது தெருமுனையிலே ஒளிந்து நின்றது. 1961 மே திங்களில் உரிமம் பெற்ற கடையாகத் தெருவுக்கு வந்தது. இன்று கைப்பேசி வழியே தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளேயே குடியேறிவிட்டது. கணிப்பு அச்சாகும் பக்கத்திலேயே பந்தயக் கம்பெனியின் விளம்பரமும் அச்சாகிறதே, ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இன்னொரு கணிப்பு எந்தப் பக்கத்திலும் வருவதில்லை: எந்தக் குதிரை உயிரோடு திரும்பாது? 2012 மார்ச்சில் செல்ட்டன்ஹாம் தங்கக் கோப்பையை வென்றது சிங்க்ரனைஸ்டு. ஏப்ரலிலே எய்ன்ட்ரீயில் உயிர் நீத்தது. அதே பந்தயத்தில் இன்னொரு குதிரையும் மாண்டது. 2023இல் ஹில் சிக்ஸ்டீன் முதல் தடையிலேயே மடிந்தது. தடைகளின் உள்ளிருந்த மரக்கட்டையை நீக்கி நெகிழும் பொருளை வைத்தனர். 2024இல் குதிரைகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தனர். நன்று செய்தனர். ஆனால் கட்டுபவனாவது தானே கட்டினான். குதிரையை எவர் கேட்டார்?

நம் நாட்டிலும் இந்த வழக்கு நடந்தது. 1974இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996இல் உச்சநீதிமன்றம், இது பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று கூறியது. சட்டப்படி அது தீர்ப்பு. நாம் கேட்பது வேறு: திறமை யாருடையது? ஓட்டுபவனுடையது, பழக்குபவனுடையது. இழப்பு யாருடையது? கட்டுபவனுடையது!

தோழா, நீ ஆராய்ந்தது குறைவு என்பதால் தோற்கவில்லை. தோற்பதற்கென்றே போட்ட கணக்கிலே நுழைந்ததால் தோற்றாய். இனியும் ஆராய்ச்சி செய். குதிரையின் குலத்தை அன்று, புக்கியின் கூட்டலை! 1839இல் எய்ன்ட்ரீயில் வென்று இப்பந்தயத்தின் முதல் வெற்றியாளர் என்று பட்டியலில் நிற்கும் குதிரையின் பெயர் என்ன தெரியுமா?

லாட்டரி!

அன்றே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். நாம்தான் இன்னும் கணித்துக்கொண்டிருக்கிறோம்.